நாற்பது பேர் அழுத பெயர்

என் ஆசைச் சரசக்கா,

அன்றைக்கு லண்டன் தகனசாலையில் யார் யார் நின்றார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நீ பெட்டிக்குள் கண்ணை மூடிக் கிடந்தாய், பார்த்திருக்க மாட்டாய். நியூயோர்க்கிலிருந்து வந்த உன் ஒரே மகன் ரமணன், காற்சட்டைக்கு மேலேயே வேட்டியைச் சுற்றிக்கொண்டு நின்றான். என் மகன் சிவம். அவன் மனைவி கீதா. பேத்தி அபி. செத்தவீட்டுக்குச் சிவப்புச் சேலை உடுத்து வந்த வெம்பிளி மச்சாள். அதை நான் மறக்க மாட்டேன். மாலையைப் பிந்திக் கொண்டுவந்த அப்டன் பார்க் தங்கராசா. அதையும் மறக்க மாட்டேன். ஐயர். பெட்டி தூக்க வந்த வெள்ளைக்காரர் இரண்டு பேர். மூன்றாம் வரிசையில், மனைவியோடு, கோயில் கமிட்டிக் குலேந்திரன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அடுத்த செத்தவீட்டுக்காரர், தங்கள் முறை எப்போது வரும் என்று.

உன் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு நினைவுப் புத்தகம் அச்சடிக்கிறார்கள். "அம்மாவுக்கு ரெண்டு பக்கம் அன்பா எழுதித் தாங்கோ சின்னம்மா" என்று ரமணன் கேட்டான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அன்பாக எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

அன்றைக்கு உன் பெட்டியைத் திரைக்கு அந்தப் பக்கம் இழுக்கத் தொடங்கியதும் என் வாய் தானாகத் திறந்துவிட்டது. கீதா என் கையைப் பிடித்து, "மாமி, இஞ்ச வேண்டாம், வெளியில ஆக்கள் நிக்கினம்" என்றாள். நான் நிறுத்தவில்லை. ஊரிலும், லண்டனுக்கு வரக் கொழும்பில் நின்றபோதும் அழாததை, கப்பலில் போகிற சாமானைப் போல இவ்வளவு காலம் கட்டி வைத்திருந்ததை, உன் தலைமாட்டில் நின்று அவிழ்த்துவிட்டேன்.

நம் ஆட்களின் முறை உனக்குத் தெரியும். ஒப்பாரியில் ஒரு பெண் எதையும் சொல்லலாம். மாமியாரைத் திட்டலாம், காணி பிடித்தவனைச் சபிக்கலாம். எட்டாம் நாள் சோறு தின்ன வருகிற எவரும் அதைப் பற்றி ஒரு சொல் கேட்க மாட்டார்கள். செத்தவீட்டில் பாடியது செத்தவீட்டோடு போய்விடும். அந்த நம்பிக்கையில்தான் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பாடினேன். "குலேந்திரா, குலேந்திரா, சாக்குக்குள்ளே முகம் ஒளிச்சு என்ர பிள்ளைக்குத் தலையாட்டினாயே, குலேந்திரா."

மூன்றாம் வரிசையில் இருந்தவனுக்கு அது கேட்டது. அங்கே நின்ற எல்லோருக்கும் கேட்டது. எவரும் திரும்பி அவனைப் பார்க்கவில்லை. அது முறை. அந்த முறைக்குள் பயமும் இருந்தது. வெளியே வந்ததும் அவன் என் இரண்டு கையையும் பிடித்து, "மனசில கிடந்ததைக் கொட்டிப்போட்டியள் அக்கா, இனிச் சுகமா இருப்பியள்" என்றான்.

இதை வாசிக்கிற இளம் பிள்ளைகளுக்காக ஒன்று சொல்ல வேண்டும். சுற்றிவளைப்பு நாளில் ஆமிக்காரர் ஊர்ப் பெடியன்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நடத்துவார்கள். ஜீப்புக்குப் பக்கத்தில் ஒருவனைச் சாக்கால் மூடி இருத்தியிருப்பார்கள், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் யாருக்குத் தலையாட்டுகிறானோ அந்தப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போவார்கள். அவனைத் தலையாட்டி என்போம். என் நடுவிலான் அப்படித்தான் போனான். மீசை அரும்பாத பிள்ளை.

சாக்கு முழங்காலுக்குக் கீழே வரவில்லை. இடது காலின் சின்ன விரல் பாதிதான் இருந்தது. என் வீட்டுப் பாத்தியில் கொத்தும்போது மண்வெட்டி தவறிக் குலேந்திரன் வெட்டிக்கொண்ட விரல் அது. மஞ்சள் அரைத்து வைத்துக் கட்டியவள் நான். அந்தக் காலை எனக்குத் தெரியாமல் போகுமா?

உனக்கு மட்டும்தான் சொன்னேன். "அவனையும் அடிச்சிருப்பாங்கள் பாக்கியம், அவன் எத்தினை நாள் தாங்கியிருப்பான்" என்றாய் நீ. உன்னோடு எத்தனை மாதம் பேசாமல் இருந்தேன், நினைவிருக்கிறதா?

என் பிள்ளையின் பெயரை மட்டும் எந்த ஒப்பாரியிலும் நான் சொன்னதில்லை. உடம்பு வந்து சேராத பிள்ளையின் பெயரை ஒப்பாரியில் சொன்னால், தாயே கொள்ளி வைத்தது போலாகும். அதனால்தான் நீயும் உன் மகனுக்கு முன்னால் அவனை "நடுவிலான்" என்றே சொல்லி வந்தாய். அந்த ஒழுங்கு இப்படி வந்து நிற்கும் என்று இருவருமே நினைக்கவில்லை.

இனி உன் மகனின் கதை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவியின் பியானோவில் ஏறி இருந்தவன், இறங்கவே இல்லை. அத்தான் இஞ்சினியர் ஆக்கப் பார்த்தார், நடக்கவில்லை. சங்கீதக் கல்லூரி முடித்துப் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு நாலு வயலினுக்கும் சேர்ச் பாட்டுக்காரருக்கும் இசை எழுதினான். என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு நீ "மியூசிக் டீச்சர்" என்று சொல்லித் தப்பினாய். அவனுடைய முதல் ஒபெராவைப் பழைய தொழிற்சாலை ஒன்றுக்குள் போட்டார்கள். நீ கூறைச்சேலை உடுத்துப் போய், பாதியில் நித்திரையாகிவிட்டாய் என்று நீயே சொல்லிச் சிரித்தாய். "எங்கட கூத்து மாதிரித்தான் பாக்கியம், பேச்செல்லாம் பாட்டு. ஆனா விடியுமட்டும் இல்லை, அதுவரைக்கும் புண்ணியம்." இரண்டாவதைப் பேப்பர்கள் எழுதின. பரிசு கொடுத்தார்கள். பிறகு லண்டனிலிருந்து மூன்றாவதைக் கேட்டார்கள். அந்த நேரத்தில்தான், லண்டனில் என்னோடு வந்து இருந்த நீ கண்ணை மூடினாய்.

அப்போது அவன் கடைசிக் காட்சி வராமல் முட்டுப்பட்டு நின்றிருக்கிறான். ஐயர் ஓதுவதைப் பிடிப்பதற்காகச் சட்டைப் பையில் போனை ஓடவிட்டிருந்தான். என் அழுகையும் அதில் விழுந்துவிட்டது. நியூயோர்க் போய் அதைக் கேட்டுக் கேட்டு அந்தக் காட்சியை எழுதிவிட்டான். மகனைத் தேடுகிற ஒரு தாய், அவளைச் சுற்றி ஊர். சொற்களை இங்கிலீசுக்காரி ஒருத்தி புதிதாக எழுதினாள். ஒரே ஒரு சொல்லைத் தமிழில் விட்டான். ஒப்பாரியில் ஆகக் கூடுதலாகக் கூப்பிட்ட பெயர் எதுவோ, அதுதான் செத்த பிள்ளையின் பெயராக இருக்க வேண்டும் என்று நினைத்தான். அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளை, அழுகைக்குள் வந்த மற்றச் சொற்கள் விளங்கவில்லை. எங்கள் ஒப்பாரியில் சாபமும் அதே மெட்டில் வரும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

எனக்கு இது தெரிய வந்தது தமிழ் ரேடியோவில். கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ரமணனைப் பேட்டி கண்டார்கள். "இது என்ர சின்னம்மான்ட மகனுக்கு" என்று சொல்லிக் கொஞ்சம் பாட்டுப் போட்டான். ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம் குரல் எடுத்து, தாலாட்டுவது போல, "குலேந்திரா" என்றது.

சிவம் எழும்பி ரேடியோவை நிறுத்தினான். ஒப்பாரியைக் கேட்டதிலிருந்து அவனுக்கும் தெரியும். "அம்மா, விடுங்கோ. மஞ்சுளாக்காவை நினையுங்கோ" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டான். என் மூத்தவள் மஞ்சுளா பிள்ளைகளோடு ஊரில்தானே இருக்கிறாள்.

அடுத்த கிழமை எங்கள் மோர்டன் வீட்டு மணி அடித்தது. குலேந்திரன். கையில் கோயில் பிரசாதம். வாசலில் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினான். அந்த விரல் என் கம்பளத்தை மிதித்துக்கொண்டு உள்ளே வந்தது.

"ரேடியோவில கேட்டனான் பாக்கியமக்கா. ரமணன் தம்பி பெரிய ஆளாயிட்டார்."

"ஓம்."

"அதுக்குள்ள ஒரு பேர் வருது. உங்கட மகன்ர பேர் எண்டு அவர் சொல்லுறார்." தேத்தண்ணியை ஊதிக் குடித்தான். "நல்லதுதானே. அப்பிடியே இருக்கட்டும். இனி மாத்தினா ஆயிரம் கதை வரும்."

நான் பிரசாதத்தைத் தள்ளி வைத்தேன்.

"மஞ்சுளாப் பிள்ளை எப்பிடி? எங்கட தம்பி ஆக்கள் அந்த ஒழுங்கையிலதானே இருக்கினம். அவளுக்கு ஒண்டெண்டா முதல் தெரியிறது அவையளுக்குத்தான். நீங்கள் பயப்பிடாதேங்கோ."

அவன் பயப்பிடாதேங்கோ என்று சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. அவன் போன பிறகு கதவுச் சங்கிலியைப் போட்டேன். போட்டேனா என்று திரும்பத் திரும்ப வந்து பார்த்தேன். அவன் குடித்த கோப்பையைக் கழுவவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் முடிவு கட்டினேன், அக்கா. விட்டால் எல்லோருக்கும் சுகம். ஆனால் விட்டால் என் பிள்ளைக்கென்று ஊர் அழுகிற இடத்தில் அவன் ஏறி இருப்பான். எத்தனை நாட்டில் போடுவார்களோ, அத்தனை நாட்டிலும்.

மஞ்சுளாவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மா, உங்களுக்குப் பயமா?"

"ஓம் பிள்ளை."

"எனக்கும் பயம்தான். ஆனா நான் அவன்ர அக்கா. போய்ச் சொல்லுங்கோ."

அபி என்னை ஒத்திகைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஆற்றுக்கு அங்கால் ஒரு பழைய ஸ்டோர் போல இருந்தது. வீடும் வாசலும் வரவேண்டிய இடத்தில் நிலத்தில் நிற நாடா ஒட்டியிருந்தார்கள். ஜீன்ஸ் போட்டவர், தொப்பி போட்டவர், கோப்பிக் குவளையோடு நின்றவர் என்று நாற்பது பேர். பியானோ தொடங்கியதும் ஒவ்வொருவர் முகமும் மாறியது. எனக்கு முன்னால் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கன்னத்தில் தண்ணீர் ஓடியது. அவள் அழுத அழுகை உண்மை, அக்கா. குலேந்திரனுக்காக அழுதாள்.

ரமணன் ஓடி வந்தான். "இட்ஸ் ஓகே சின்னம்மா, அழுங்கோ."

"தம்பி, அது அவன்ர பேர் இல்லை."

"வாட்? அப்ப யார்ர பேர்?"

சொன்னேன். சாக்கையும் விரலையும் பிரசாதத்தையும் சொன்னேன். அவன் நின்ற இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டான், அந்த நிற நாடாவுக்கு மேலே. இசை நடத்துகிற மனிதர் வந்து மணிக்கூட்டைக் காட்டினார். எல்லாம் அச்சடித்தாகிவிட்டதாம், எல்லோரும் பாடமாக்கிவிட்டார்களாம், முதற்காட்சி வந்துவிட்டதாம். அபி எனக்குக் காதுக்குள் சொன்னாள். ரமணன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"அப்ப அண்ணான்ட பேர் என்ன, சின்னம்மா?"

குலேந்திரனுக்குப் பயந்ததெல்லாம் ஒரு பயமா? இதுதான் பயம். இந்த வாயால் அவன் பெயரை இந்தப் பாட்டுக்குக் கொடுத்தால், அவன் இனி எங்கே இருக்கிறான்?

"பாடினா அவன் செத்தவனோ, ராசா?"

"எனக்குத் தெரியாது சின்னம்மா." நிமிர்ந்து பார்த்தான். உன் கண், உன் நெற்றி. "கூப்பிட்டுப் பாப்பம்."

சொல்லிவிட்டேன். வசந்தன்.

அவன் பென்சிலை எடுத்தான். பழைய பெயர் நாலு சுரத்தில் நின்றதாம், இது மூன்றில் முடிந்துவிடுகிறதாம். "ஒண்டு மிஞ்சுது" என்றான். வேறு மெட்டு எழுதுவான் என்று பார்த்தேன். எழுதவில்லை. மிஞ்சிய இடத்தை அப்படியே விட்டான். நாற்பது பேரும் "வசந்தா" என்று கூப்பிட்டுவிட்டு வாயைத் திறந்தபடி நின்றார்கள், பதில் வருமோ என்று கேட்பவர்களைப் போல. நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். நீ இருந்திருந்தால் அன்றைக்கு நித்திரை கொண்டிருக்க மாட்டாய்.

பகல் காட்சிக்குப் போனோம். குலேந்திரனும் மனைவியும் பட்டு உடுத்து எங்களுக்கு முன்னால் இருந்தார்கள். நான் மேடையைப் பார்க்கவில்லை, அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடம் வந்தது. "வசந்தா" என்றார்கள். அவன் தலை அசையவே இல்லை.

அன்றிலிருந்து அவன் வரவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம். ஒழுங்கை முகப்பில் தெரியாத மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கிறது என்று மஞ்சுளா நேற்றுச் சொன்னாள். யாரோ விருந்தாட்களாக இருக்கலாம். இருக்கலாமா, அக்கா?

இந்தப் புத்தகத்தைத் திவசச் சாப்பாட்டுக்கு வருகிற எல்லோர் கையிலும் கொடுப்பார்கள். குலேந்திரன் வந்தால் அவன் கையிலும். "அப்பம்மா, ஷுவரா?" என்று அபி கேட்டாள், இதை டைப் அடிக்கும்போது. அக்காவும் தங்கச்சியுமாகப் பயந்து பயந்து இவ்வளவு காலம் காப்பாற்றியது எதை என்று நான் அவளைத் திருப்பிக் கேட்டேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என் வசந்தனுக்குக் கொள்ளி வைக்க மாட்டேன், படத்துக்கு மாலை போட மாட்டேன். ஆனால் விடிந்ததும் கதவைத் திறந்து அவன் பெயரைச் சத்தமாக ஒருமுறை கூப்பிடுவேன். இந்த மோர்டன் தெருவில் எவர் எட்டிப் பார்த்தாலும் சரி. இருக்கும் வரை கூப்பிடுவேன்.

சிவப்புச் சேலை மச்சாளை மன்னித்துவிட்டேன். போனை ஓடவிட்ட உன் மகனை எப்போதோ மன்னித்துவிட்டேன். சாக்குக்குள் இருந்தவனைக்கூட, நீ சொன்ன கணக்குக்கு, ஒரு நாள் மன்னித்திருப்பேன். அவன் பயத்தில் ஆட்டியிருப்பான். பயம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் வீட்டில் இருந்து, என் தேத்தண்ணியைக் குடித்து, என் பிள்ளையின் இடத்தில் தன் பெயர் "அப்பிடியே இருக்கட்டும்" என்று சொன்ன ஒருவனை மன்னிக்க மாட்டேன். இது ஒப்பாரி இல்லை, அக்கா. எழுத்து. செத்தவீட்டோடு போகாது. அவன் பெயர் குலேந்திரன்.

உன் தங்கை,
வசந்தனின் அம்மா,
பாக்கியம்