தெளியட்டும் என்று வைத்தது

3-2-77, வியாழன்

காலையிலிருந்து மணல் காற்று. ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி அடைத்தும் மேஜை முழுக்க மணல். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் லேபில் மூன்று மணி வரை டூட்டி. உப்பு அளவு சரி. வாங்க வேண்டியது: சீனி, வெங்காயம், ஏர்மெயில் கவர்.

இரண்டு நாளாகப் பேசாத வசந்தா இன்று பேசினாள். அவள் தம்பி செல்வம் இருக்கும் தொழிலாளர் கேம்ப்பில், பக்கத்து ரூம்காரனுக்குக் கண் போய்விட்டதாம். ரூமில் ரகசியமாகக் காய்ச்சும் சரக்கு. ‘சதீக்கி’ என்பார்கள், ‘என் நண்பன்’ என்று அர்த்தம். எவனோ அதில் விஷ ஸ்பிரிட்டைக் கலந்து விற்றிருக்கிறான். செல்வமும் அதே ஆளிடம் வாங்கிக் குடிப்பவன்தான். அன்றைக்கு ஓவர்டைம் இருந்ததால் தப்பினான்.

"குடிக்காதலேன்னு சொல்லிச் சொல்லி என் நாக்கு தேஞ்சு போச்சு. நீங்க கெமிஸ்ட்தானே? கெடுதல் இல்லாம ஒண்ணு செஞ்சு குடுங்க. நம்ம வீட்டுல வந்து குடிச்சிட்டுப் போகட்டும்."

நான் ஒரு சொட்டு குடித்ததில்லை. ஜித்தாவில் பிடிபட்டால் ஜெயில், அப்புறம் ஊருக்கு விமானம். ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன்.

5-2-77, சனி

ஷிப்ட் இஞ்சினியர் டேவிடம் கேட்டேன். இங்கிலாந்துக்காரர், வீட்டிலேயே பியர் போடுகிறவர். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வடிக்காமல் புளிக்க மட்டும் வைப்பதால் விஷம் வராது என்றார். பியரிலேயே ஏல் என்று ஒரு வகை சொன்னார். ஒரு பொட்டலம் ஹாப்ஸ் கொடுத்தார். காய்ந்த பச்சைப் பூ. மூலிகைத் தேநீர் என்று எழுதி அவர் மனைவி பார்சலில் அனுப்புவது. முகர்ந்தால் நாரத்தை இலை, கொஞ்சம் வேப்பம்பூ.

மால்ட், முளைகட்டிய பார்லியின் பாகு, ஷரஃபியா பஜார்க் கடையில் டின்னில் தாராளமாகக் கிடைக்கிறது. ரொட்டிக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். கடைக்காரரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

18-2-77, வெள்ளி

லீவு. வசந்தா மீன்குழம்பு வைத்தாள். செல்வம் பதினொரு மணிக்கே வந்துவிட்டான். இளைத்திருக்கிறான். முதல் தடவை காய்ச்சிப் புளிக்க வைத்ததைத் திறந்தேன். ஒரு வாய் குடித்தான், முகத்தைச் சுளித்தான்.

"அத்தான், இது கஷாயம்லா? ஏறவும் மாட்டேங்கு, இறங்கவும் மாட்டேங்கு."

தப்பு என்னுடையது. டேவ் எழுதிக் கொடுத்தது, ‘ஹாப்ஸை ஒரு மணி நேரம் கொதிக்க விடு.’ நான் அதைத் தனியாக ஒரு சட்டியில் போட்டு, எட்டில் ஒன்றாக வற்றவைத்து, வடிகட்டி ஊற்றினேன். மருந்துச் சரக்கு என்றால் கை தானாக அப்படித்தான் போகிறது. டேவிடம் சொன்னபோது கண்ணில் நீர் வரச் சிரித்தார். மால்ட் தண்ணீரிலேயே போட்டுக் கொதிக்க வைக்க வேண்டுமாம். பாதியை ஆரம்பத்தில், பாதியைக் கடைசியில். முதலில் போடுவது கசப்புக்கு, கடைசியில் போடுவது வாசனைக்கு.

மூன்று தம்ளர் குடித்தும் செல்வத்துக்குப் போதவில்லை. சாராயம் நாலு சதவீதம்கூட இருக்காது. இதை நம்பி அவன் சதீக்கியை விடமாட்டான். போகும்போது வசந்தாவிடம், "கோவிச்சுக்காத அக்கா. கேம்ப்புல ராத்திரி தூக்கம் வரமாட்டேங்கு. அதுக்குத்தான் குடிக்கேன்" என்றான்.

19-2-77, சனி

இரண்டாவது காய்ச்சல். இருபது லிட்டருக்கு:
மால்ட் 3 கிலோ
சீனி 1.2 கிலோ (வசந்தா: "பாயசத்துக்குக்கூட இவ்வளவு போட்டதில்ல")
ஹாப்ஸ் 100 கிராம், இரண்டு பங்காக
ஆலைத் தண்ணீர். உப்பே இல்லாத தண்ணீர் என்பதால் ஜிப்சம் ஒன்றரை ஸ்பூன். கசப்பு துலக்கமாக வரும்.
ஈஸ்ட், டேவ் கொடுத்தது.

ஹைட்ரோமீட்டர் 1068. புளித்து முடிந்து 1014-க்கு இறங்கினால் ஏழு சதவீதம். வாளியைச் சுற்றி ஈரத்துண்டு, பக்கத்தில் ஏசி. சாயங்காலமே மேலே ஒரு விரல் நுரை. வசந்தா மூடியைத் திறந்து பார்த்து, "தோசைமாவு மாதிரியே பொங்குது" என்றாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் வீட்டில் சிரிப்பு.

4-3-77, வெள்ளி

1014. நேற்றும் அதே, முந்தாநாளும் அதே. புளிப்பு முடிந்தது. ஆப்பிள் ஜூஸ் பாட்டில்களில் அடைத்தேன், இருபத்தெட்டு. கட்டிலுக்கு அடியில். ஒரு ஸ்பூன் நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசப்பு முதலில் வரவில்லை, விழுங்கியபின் வந்தது. நன்றாக இருக்கிறது என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

செல்வம் இன்று வரவில்லை. சைட்டில் கான்கிரீட் போடுகிறார்களாம்.

11-3-77, வெள்ளி

செல்வம் வந்தான். கை நடுக்கம். ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இன்னும் கலங்கல். கலங்கலாகக் குடித்தால் ஒன்றும் ஆகாது என்று டேவ் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அவரிடம் காட்டும்போது கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்று எனக்கு.

"இன்னும் ரெண்டு வாரம்" என்றேன்.

"ரெண்டு பாட்டிலாவது தாங்க அத்தான்."

"பக்குவம் வரட்டும்டா."

வசந்தா அடுக்களையிலிருந்து, "கேக்குறான்ல, குடுங்களேன்" என்றாள். கொடுக்கவில்லை. அவன் சாப்பிட்டு முடித்ததும் கிளம்பிவிட்டான். வழக்கமாகப் பிற்பகல் அஸர் தொழுகை பாங்கு வரை இருப்பான்.

14-3-77, திங்கள்

காலை பத்து மணிக்கு அவன் ரூம்காரர் ஆலை கேட்டில் வந்து நின்றார். செல்வம் நேற்று சதீக்கி குடித்திருக்கிறான். இன்று எழுந்ததும் வாந்தி. கண்ணில் புகை மூட்டம் என்கிறானாம். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னை வராந்தாவின் கோடிக்குக் கூட்டிப் போய்த் தணிந்த குரலில் சொன்னார்.

"அண்ணை, இதுக்கு மருந்து நல்ல சாராயம்தான். அது உடம்பில இருந்தா விஷம் வேலை செய்யாது. இஞ்ச ஸ்டோரில இல்லை. எழுதிக் கேட்டு வர ரெண்டு நாள் ஆகும், அதுக்குள்ள ஆள் போயிடும். உங்கட வீட்டில ஏதும் இருக்கோ?"

"இருக்கு" என்றேன்.

"எத்தினை வீதம்?"

"ஏழு."

"நிச்சயமோ?"

"அளந்து வச்சிருக்கேன்."

டாக்சியில் வீடு. காப்பி ஆற்றுவதுபோல இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி ஊற்றி நுரையை அடக்கினேன். இரண்டு பிளாஸ்க். வசந்தா கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் அதற்குள் எடுத்துக்கொண்டாள். "பொம்பளைய யாரும் தொட்டுப் பாக்க மாட்டான். நீங்க பின்னால வாங்க." ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்வரை நான் பத்தடி பின்னாலேயே வந்தேன். அவள் நேராக நடந்தாள்.

எடை 58 கிலோ. முதலில் 700 மில்லி, பிறகு மணிக்கு 150. கணக்கு நான் போட்டேன், டாக்டர் சரிபார்த்தார். மூக்கு வழியாகக் குழாய். செல்வம் என்னைப் பார்த்தபடி, "யாரு?" என்றான்.

15-3-77, செவ்வாய்

டூட்டிக்குப் போகவில்லை. பிளாஸ்க் ஐந்து நடை. மூச்சு சீராகிவிட்டது. உயிருக்குப் பயமில்லை என்கிறார் டாக்டர். "நேற்றுக் காலமையே உள்ள போயிருந்தா கண்ணும் தப்பியிருக்கும்" என்றார். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது.

4-ம் தேதியே 1014. அன்றைக்கே ஏழு சதவீதம். இதே நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நான் கொடுத்திருந்தால் அவன் ஞாயிற்றுக்கிழமை சதீக்கி வாங்கப் போயிருக்க மாட்டான். இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை. வசந்தாவுக்குச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

18-3-77, வெள்ளி

வெயில் ஏறிவிட்டது. குழாயை எடுத்துவிட்டார்கள். இடது கண் போயிற்று. வலது கண்ணில் ஆள் உருவம் தெரிகிறது, முகம் தெரியவில்லை. இதற்குமேல் வராதாம். இந்தக் கண்ணோடு ஃபிட்டர் வேலை கிடையாது. கேம்ப்பில் கணக்கு முடித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

இன்னும் ஒரு வேளை கொடுக்கச் சொன்னார் டாக்டர், வாய் வழியாகவே. வசந்தா பிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். முதல் தடவையாக ருசி தெரிந்து குடித்தான். மெதுவாக, முழுவதையும்.

"நல்லாருக்கு அத்தான். நல்லா வந்திருக்கு."

மூடியைக் கையிலேயே வைத்திருந்தான். கோபமே இல்லாமல் கேட்டான்:

"போன வெள்ளிக்கெழம இதுல என்ன கொறஞ்சிருந்தது?"

வசந்தா என்னைப் பார்த்தாள்.

"கலங்கலா இருந்துது" என்றேன்.