நாற்பது வாய், ஐம்பது படி

9-9-87, புதன்

தமிழ் படித்துவிட்டு எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஜூனில் தலைமை ஆசிரியர் ராமசாமி சார் புத்தகத்தைக் கையில் கொடுத்து, "ஆள் வர்ற வரைக்கும் பாத்துக்கம்மா" என்றார். ஆள் எங்கே வருவது? கல்வராயன் மலை, ஒரு நாளைக்கு ஒரே பஸ், பிள்ளைகளோடு அங்கேயே தங்கி அங்கேயே சாப்பிட வேண்டும் என்றதும் கள்ளக்குறிச்சியிலேயே திரும்பிப் போய்விடுகிறார்கள்.

சமன்பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டால் தீர்த்துவிடுவேன். அந்தப் பக்கம் போனால் குறி மாறும், அவ்வளவுதானே. வார்த்தையில் கொடுத்தால்தான் மாட்டிக்கொள்கிறேன். எதை x என்பது? எதற்கு எது சமம்? புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி நடந்து சமன்பாட்டைப் பிடிக்கிறேன். இந்தத் திருட்டு இதுவரை யாருக்கும் தெரியாது.

இன்று பெருமாயி எழுந்து நின்று கேட்டாள். "x இன்னான்னே தெரியாம, அத்த வச்சி எப்டி டீச்சர் எழுதறது?"

நல்ல கேள்வி. "உட்கார்" என்றேன்.

11-9-87

அதே பாடம். அதே திண்டாட்டம். பெருமாயி இன்று ஒன்றும் கேட்கவில்லை. அது அதைவிட மோசமாக இருந்தது.

15-9-87, செவ்வாய்

நாளைக் காலை சார் கீழே போகிறார். பதினேழாம் தேதியிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல். இட ஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் அறிவித்திருக்கிறது. "ரோட்டுல மரத்தை வெட்டிப் போட்டுருவாங்க, ஈ காக்கா போவாது. அதுக்குள்ள அரிசி லாரிய ஏத்தி உட்டுட்டு நானும் வந்துடறேன்" என்றார். நியாயமான கோரிக்கைதான் என்றும் சொன்னார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. படித்த பிள்ளைகள் எத்தனை பேர் திருக்கோவிலூர் பஸ் ஸ்டாண்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்து வளர்ந்தவள்தானே நான்.

17-9-87, வியாழன்

பஸ் வரவில்லை. லாரி நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. சாரும் வரவில்லை. பிள்ளைகள் முப்பத்தெட்டு பேர். பெரியவர்கள் நானும் சமையல்காரர் மூக்கனும் மட்டும்.

சாயங்காலம் மூக்கன் வந்து அரிசி அறையைத் திறந்து காட்டினார். "அறுபது படிக்கு மேல தேறாது டீச்சரம்மா. ஒரு நாளைக்குப் பத்து படி வடிக்கிறேன்."

ஆறு நாள். மறியலே ஏழு நாள். வெட்டிப் போட்ட மரத்தையெல்லாம் யார், எப்போது அப்புறப்படுத்துவது? எப்படிப் பார்த்தாலும் இருபத்தாறாம் தேதிக்கு முன்னால் லாரி வராது. பிள்ளைகள் பசியோடு என் முகத்தைப் பார்த்தால் நான் என்ன செய்வேன்?

18-9-87, வெள்ளி

இன்று நடந்ததை முழுக்க எழுதிவிட வேண்டும்.

பக்கத்து ஊர்ப் பிள்ளைகளில் சிலரை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தேன். எத்தனை பேரை? இன்று வடித்தது போக ஐம்பது படி. எங்களையும் சேர்த்து நாற்பது வாய். ஒரு வாய்க்கு ஒரு நாளைக்குக் கால் படி. நாளையிலிருந்து எட்டு நாள் ஓட்ட வேண்டும். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டக் கை போனது. அங்கே இதற்கு விடை கிடையாது என்று நினைத்ததும் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

சரி, பத்துப் பேர் போனால் என்று வைத்துப் பார்த்தேன். மீதி முப்பது வாய். எட்டு நாளைக்கு ஒரு வாய்க்கு இரண்டு படி, ஆக அறுபது. போதாது. இருபது பேர் போனால் நாற்பது படி போதும், பத்து மிச்சம். அநியாயமாக ஐந்து பிள்ளைகளைக் கூடுதலாக நடக்க விடுவேன். பதினைந்து என்றால்? இருபத்தைந்து வாய், ஐம்பது படி. சரி.

அப்போதுதான் கவனித்தேன். மூன்று தடவையும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறேன். நாற்பதில் கழித்தேன், இரண்டால் பெருக்கினேன், ஐம்பதோடு ஒப்பிட்டேன். பத்து, இருபது, பதினைந்து என்று எழுதிய இடத்தில் x என்று எழுதினால்? 2(40 – x) = 50. இவ்வளவுதானா? தெரிந்த எண்ணாக இருந்தால் என்ன செய்வோமோ அதையே தெரியாததற்கும் செய்ய வேண்டும். இதைத்தானே அந்தப் பெண் கேட்டாள். முப்பது வயதில் புரிகிறது எனக்கு.

உடனே எட்டாம் வகுப்பில் இதையே கணக்காகக் கொடுத்தேன். பாதிப் பேர் அமைத்துவிட்டார்கள். பெருமாயி மட்டும் 2(40 – x) + x = 50 என்று எழுதி, முப்பது பேர் போக வேண்டும் என்று விடை கொண்டுவந்தாள்.

"இந்த x எங்கிருந்து வந்தது?"

"போறவங்களுக்கு டீச்சர். ஆளுக்கு ஒரு படி."

"கணக்கில் அப்படி இருக்கிறதா?"

"இல்ல டீச்சர்."

"இல்லாததை ஏன் சேர்த்தாய்?" சிவப்பு மையால் அடித்தேன். எனக்குக் கணக்குப் புரிந்துவிட்ட மிதப்பு.

19-9-87, சனி

காலையில் பதினைந்து பேர் கிளம்பினார்கள். பெரிய பையன்களோடு சின்னவர்களைச் சேர்த்து அனுப்பினேன். ஒவ்வொருவர் தோளிலும் ஒரு துணி மூட்டை. மாற்றுத் துணி என்று நினைத்தேன்.

மத்தியானம் அரிசி அறைக்குப் போனேன். குவியல் குறைந்திருந்தது. மூக்கனைக் கேட்டால் பளிச்சென்று சொல்கிறார், "ஆளுக்கு ஒரு படி கட்டிக் குடுத்தேன்" என்று. பதினைந்து படி!

"யாரக் கேட்டுக் கொடுத்தீங்க? எட்டு நாளைக்கு ஒரு அரிசி கம்மியில்லாம கணக்குப் போட்டு வச்சிருக்கேன், இப்படிப் பண்ணிட்டீங்களே, மிச்சம் இருக்கிற புள்ளைங்க இன்னா திங்கும்?"

அவர் கோபப்படவில்லை. "வூட்டுக்குப் போற புள்ளைய எப்டி டீச்சரம்மா வெறுங்கையா அனுப்பறது? புரட்டாசி பொறந்து மூணு நாளுதான் ஆவுது. சாமை இன்னும் அறுக்காம கொல்லையில நிக்குது. அவங்க வூட்ல மட்டும் இன்னா கொட்டிக் கெடக்குது?"

ஐம்பது போய் முப்பத்தைந்து. இருபத்தைந்து வாய்க்கு ஐந்து நாளும் கொஞ்சமும் வரும். அதற்குப் பிறகு இரண்டு நாளுக்கு மேல் உலை வைக்க ஒன்றும் இருக்காது.

பெருமாயி சரியாகத்தான் கட்டியிருக்கிறாள். கணக்கில் இல்லாததை அவள் சேர்க்கவில்லை. நான்தான் இருப்பதை விட்டுவிட்டேன். இந்த மலையில் யாரும் செய்யாத ஒன்றை, பிள்ளையை வெறுங்கையோடு அனுப்புவதை, நான் கேட்காமலேயே எல்லாரும் செய்வார்கள் என்று வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு, "நீ எழுதியதுதான் சரி, நான் அடித்ததுதான் தப்பு" என்றேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "பரவால்ல டீச்சர்" என்றாள். பெரிய மனுஷி.

20-9-87, ஞாயிறு

இன்றிலிருந்து கஞ்சி. நான்கு படியில் ஓட்டுகிறார் மூக்கன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தட்டை வழித்துவிட்டு, இன்னும் கேட்கலாமா என்று பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டது. என் காதில் விழட்டும் என்று கேட்கவில்லை, ஆனால் விழுந்தது. என் கஞ்சியை அதன் தட்டில் ஊற்றிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ரேடியோவில் கீழே துப்பாக்கிச் சூடு என்று செய்தி. உயிர்கள் போயிருக்கின்றன. நான் இங்கே உட்கார்ந்து அரிசியை எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது. ஆனால் எண்ணாமலும் இருக்க முடியவில்லை.

21-9-87, திங்கள்

கடவுளே. எங்கிருந்து தொடங்குவது?

சாயங்காலம் நாலு மணி இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு மேலே உள்ள ஒற்றையடிப் பாதையில் வரிசையாக ஆட்கள். தலையில் மூட்டை. முன்னால் வந்தவள் ஆயம்மாள், சனிக்கிழமை போன பதினைந்தில் இரண்டு பேருக்கு அம்மா. பின்னால் நாலு பேர்.

மூட்டையை இறக்கிவிட்டு என்னைத்தான் முதலில் திட்டினாள். "அரிசிய அள்ளி அள்ளிக் கட்டிக் குடுத்துட்டு நீங்க இன்னா திம்பீங்க? சொல்லி அனுப்பக் கூடாதுங்களா? புள்ளைங்க வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியுது, மலை மேல ஒரு வண்டியும் வர்லன்னு."

"கொடுத்தது நானில்லைங்க, மூக்கன் அண்ணன்" என்றேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"யாரு குடுத்தா இன்னா. ஒரு படி வந்தா ஒரு படி போவணும், இல்லன்னா எங்களுக்கு சோறு எறங்குமா?"

முன்கூட்டி விதைத்த ஒரு கொல்லையில் சாமையை அறுத்து இரண்டு நாளாகக் குத்தியிருக்கிறார்கள். போன வருஷத்துக் கேழ்வரகும் கொஞ்சம் இருந்தது. மூக்கன் அளந்தார். இருபத்து நாலு படி. நான் அரிசி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். இரண்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது.

22-9-87, செவ்வாய்

வந்தவர்கள் ராத்திரி தங்கிவிட்டார்கள். அவர்கள் கிளம்புவதற்கு முன் கணக்கை ஒரு முறை சரிபார்த்துவிடலாம் என்று எட்டாம் வகுப்பை உட்கார வைத்தேன். இன்னும் யாரையாவது அனுப்ப வேண்டியிருந்தால் இவர்களோடேயே அனுப்பிவிடலாம், பாதுகாப்பு.

இருந்தது இருபத்தொன்று, வந்தது இருபத்து நாலு, ஆக நாற்பத்தைந்து படி. இருபத்தைந்து வாய். இருபத்தாறாம் தேதி வரை ஐந்து நாள். கஞ்சி வேண்டாம், பழையபடி கால் படியே போடலாம், அதாவது ஒரு படிக்கு நாலு வாய். இன்னும் அனுப்ப வேண்டியவர்கள் x. நானே பலகையில் கட்டினேன், யாரையும் எதையும் பார்க்காமல்: 5(25 – x) = 4 × 45.

25 – x = 36. x = –11.

அழித்துவிட்டு மறுபடி போட்டேன். –11. மறுபடி. அதே –11. காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆள் எப்படி மைனஸ் பதினொன்று ஆகும்? போன மாதமாக இருந்தால், "மணி அடிக்கப் போகிறது, நாளைக்குப் பார்க்கலாம்" என்று புத்தகத்தை மூடியிருப்பேன். இன்று திரும்பி நின்று, "எங்கே தப்பு விட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. யாராவது பார்த்துச் சொல்லுங்கள்" என்றேன். இப்படி ஒரு வார்த்தையை வகுப்பில் சொன்னது இதுதான் முதல் தடவை. தலை ஒன்றும் போய்விடவில்லை.

பெருமாயி பலகைக்கு வந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"தப்பு இல்ல டீச்சர். எத்தினி பேர அனுப்பணும்னுதான கேட்டீங்க. யாரையும் அனுப்ப வேணாம். பதினோரு பேரக் கூப்ட்டுக்கலாம்."

வகுப்பில் ஒரே சத்தம். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஓடிப்போய் ஆயம்மாளிடம் சொன்னேன். பதினோரு பேரை அனுப்புங்கள், சாப்பாடு இருக்கிறது.

"எந்தப் பதினோரு பேருங்க?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. எத்தனை பேர் என்று கண்டுபிடிக்கத்தான் இப்போது கற்றிருக்கிறேன். "நீங்களே பாத்து அனுப்புங்க" என்றேன்.

24-9-87, வியாழன்

மறியல் முடிந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். லாரி இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும்.

இருட்டுவதற்குள் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். தூரத்திலிருந்தே பாட்டுச் சத்தம். பெருமாயி வாசலில் நின்று ஒவ்வொரு தலையாக எண்ண ஆரம்பித்தாள். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. அதற்குப் பின்னும் பாதையில் வந்துகொண்டே இருந்தார்கள்.

"டீச்சர், பதினஞ்சு பேரும் வந்துட்டாங்க, கணக்கு ஒதைக்குது" என்றாள் கவலையாக.

மூக்கன் ஒன்றும் கேட்காமல் உலையில் இன்னொரு சொம்பு தண்ணீர் ஊற்றினார்.

"அதை நாளைக்குப் பார்க்கலாம். போ, எல்லாருக்கும் தட்டுப் போடு" என்றேன்.