முழுத்திரைக்குள் இருப்பவன்

நலம் பெருகுக. பூம்பொறை நாடு ஆளும் திருப்பொறை வேழனைப் பெற்றவளும், நீலையாற்றுத் தென்கரைத் தாய்மாளிகையில் முறைப்படி ஒதுங்கி வாழ்பவளுமாகிய அணிமலர் நங்கை, வடகரைத் தலைநகராம் நெடுங்கரையில் அமைச்சர் தலைமை பூண்டு, எம் மாமனார் காலந்தொட்டு இவ்வரசைத் தாங்கிவரும் மதிவரையர்க்கு விடுக்கும் ஓலை. உம் ஊரில் மழை குன்றாதிருக்க. உம் மக்கள் உம் கண்முன்னே வளர்க. இரண்டாவது வாழ்த்தை நாம் வழக்கத்துக்காக எழுதவில்லை.

மன்னர் மேனி நலிவு பற்றி நாம் வினவியபோது, மூன்று மருத்துவ மன்றத்தாரும் நாள்தோறும் வந்து பார்க்கிறார்களென்றும், அஞ்சத்தக்கது ஏதுமில்லையென்றே ஒவ்வொரு மன்றமும் உரைத்ததென்றும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மன்னரைக் காத்துவருவதாகவும் எழுதியிருந்தீர். பார்ப்பதற்கு அங்கே என்ன விட்டுவைத்திருக்கிறீர், அமைச்சரே? முடிசூடியவனின் மேனியை எவரும் முழுதாகக் காணலாகாது என்று முன்னோர் வைத்துப்போன முறைப்படி, என் மகன் ஒன்பதாம் வயதில் அந்தச் செந்நிறத் திரைக்குள் புகுந்தான். உள்ளே ஏவல் செய்வோர் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்கிறார்கள். திரையின் ஒரு துளைவழி நாடி மன்றத்தார் கையைக் காண்கிறார்கள். இன்னொரு துளைவழி வாய் மன்றத்தார் நாவையும் பல்லையும் காண்கிறார்கள். மற்றொன்றின்வழி குடல் மன்றத்தார் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார்கள். தாம் கண்டதை மற்ற மன்றத்தாரிடம் சொல்வதில்லை என்று மூவரும் சூளுரைத்தவர்கள். பெற்றவளுக்கும் ஆண்டுக்கொருமுறை ஒரு கைதான்.

இவ்வாண்டு அக்கையைப் பற்றியபோது அது என் உள்ளங்கையில் துவண்டு தொங்கியது. ஆகவே மன்றத் தலைவர் மூவரையும் விருந்துக்கென்று அழைத்து ஓரறையில் அமர்த்தினோம். மணிக்கட்டு விழுந்திருப்பது வாதமென்றும், தைலம் தேய்த்தால் எழுமென்றும் நாடி மன்றத்துப் பூதனார் எம் காதோடு சொன்னார். பல்லீற்றின் ஓரத்தில் நீலக்கோடு ஓடுகிறதென்றும், பல் விளக்காத பிள்ளைகளுக்கு வருவதுதானென்றும் வாய் மன்றத்து வெண்காடனார் சொன்னார். குடல் முறுக்கிப் பிள்ளை அலறுவது உண்மையென்றும், வாயு கலைந்தால் தீருமென்றும் குடல் மன்றத்துச் சாத்தியம்மையார் சொன்னார். மூவரும் கற்றவர்கள், கண்டதைக் கண்டபடியே சொன்னவர்கள். ஒருவரையொருவர் பார்த்துப் பேசச் சொன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை வைத்தாற்போல் இருந்துவிட்டார்கள்.

வேறு வழியின்றி நாம் சுவரைப் பார்த்துத் திரும்பி, மூவரும் சொன்னதை அந்தச் சுவருக்கு உரக்கச் சொன்னோம். சுவரோடு பேசலாகாதென்று எந்த மன்றமும் சூளுரைக்கவில்லையே. கேட்டுக்கொண்டிருந்த சாத்தியம்மையார் நடுவிலேயே எழுந்துவிட்டார். வெண்காடனார் மறுபடி சொல்லுமாறு வேண்டினார். சூளும் மறந்து மூவரும் ஒரே குரலில் சொன்ன சொல் காரீய நஞ்சு என்பது. இம்மூன்றும் ஓருடலில் சேர்ந்தால் அதற்கு வேறு பெயர் கிடையாதாம். நாணயச்சாலையில் உலோகம் ஆய்வாரை வரவழைத்துக் கேட்டோம். அவர் எம்மைத் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: திரைக்கு அந்தச் செந்நிறம் எதனால் வருகிறது என்று. காரீயத்தைச் சுட்டெடுத்த செந்தூரத்தால் வருகிறது, அமைச்சரே. அமாவாசைதோறும் முறை நூலோர் மந்திரம் ஓதிப் பூசுகிறார்கள். சென்ற ஆண்டே என் மகன் துளைவழி என் விரலைப் பிடித்துக்கொண்டு, உள்ளே சிவப்புப் பொடி உதிர்கிறதென்றும், நக்கிப் பார்த்தால் இனிக்கிறதென்றும் சொல்லிச் சிரித்தான். அப்போது நானும் சிரித்தேன்.

மருத்துவத்துக்கும் உலோகத்துக்கும் முறை நூலுக்கும் இந்நாட்டில் மன்றங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மானியம் உண்டு. அத்தனை பேரும் பார்த்தார்கள். என் மகனை ஒருவரும் பார்க்கவில்லை.

மூவர் கண்டதையும் உமக்கு விரைந்து தெரிவித்து, அன்றே திரையை நீக்குமாறு வேண்டினோம். இன்று காலை உம் மறுமொழி வந்தது. முடிசூட்டிலும் இறப்பிலுமன்றித் திரை அகலாதென்றும், உயிருள்ள மன்னரை முழுதாகக் காண்பவர் தலை தப்பாதென்றும், அடுத்த அமாவாசைக்கு வேறு நிறம் பூசலாமா என்று முறை நூலோர் ஆராய்ந்துவருவதாகவும் எழுதியிருக்கிறீர். நன்று. ஆராயட்டும். மணிக்கட்டு விழுந்த பிள்ளையை இன்றே அப்பொடியிலிருந்து வெளியே எடுத்தால் உயிர் நிற்கலாம், நிற்காமலும் போகலாம் என்று மூவரும் கைவிரித்துவிட்டார்கள். நின்றாலும் அந்தக் கை இனி எழுவது ஐயமாம். அமாவாசைவரை அவனுக்கு நாளில்லை.

உம்மோடு வழக்காட எமக்கு இனித் தெம்பில்லை. இந்நாட்டு முறை தாய்க்கென்று விட்டுவைத்த ஆணை ஒன்றே. மன்னன் இறந்தான் என்று தாய் முத்திரையிட்ட சாவோலை வந்தாலன்றி இறப்பு முரசு அறையப்படாது. வந்துவிட்டால் அதை மறுத்துப் பேச அமைச்சருக்கும் முறை நூலோருக்கும் வாயில்லை. மதிவரையரே, நீர் கையில் பிடித்து வாசித்துக்கொண்டிருப்பது அச்சாவோலைதான்.

பூம்பொறை நாட்டு மன்னன் திருப்பொறை வேழன் இறந்தான். இதைப் பெற்ற வாயால் சொல்கிறேன். நீர் செய்யக்கடவது: இவ்வோலை கண்டவுடன் முரசை அறைவித்து, திரையை அறுத்தெறிந்து, அவன் மூச்சுக்கு எட்டாத வெளியில் எரித்துவிடுக. அரியணையை அவன் சிறியதந்தை கொள்க. அதற்காகத்தானே அவர் காத்திருக்கிறார். உள்ளே கிடக்கும் பிள்ளைக்கு இனிப் பட்டமும் இல்லை, முறையும் இல்லை. அவனைக் காண எவர்க்கும் தடை இல்லை. பூதனாரும் வெண்காடனாரும் சாத்தியம்மையாரும் இவ்வோலையுடனேயே வருகிறார்கள். மூவரும் ஒரே நேரத்தில், ஒரே விளக்கில், அவனைத் தலை முதல் கால்வரை பார்க்கட்டும். பின்பு துணியில் சுற்றிப் படகிலேற்றித் தென்கரைக்கு அனுப்புக. எந்நிலையில் இருந்தாலும் அனுப்புக.

தாய்மாளிகை முத்திரை இதன்கீழ் இட்டோம். இவ்வாணையைக் காத்தவர் குடி வாழ்க. காலம் தாழ்த்துவார்க்குச் சாபமிட எமக்கு மனமில்லை, அவர்களும் ஒருத்தி பெற்ற பிள்ளைகள்.

மறுமொழி எழுதவேண்டாம். யாம் படகுத்துறையில் நிற்கிறோம். முரசொலி ஆற்றைக் கடந்து இங்கே கேட்கும். அவன் இருந்தாலும் போய்விட்டாலும் நீர் அறைவிக்கப்போவது அந்த ஒரே முரசுதான்; படகு இக்கரை சேரும்வரை எது என்று எனக்குத் தெரியாது.