காற்றில் அவிழாத முடிச்சு

மே 3
மலையாடுகள் குட்டி போடும் காலம். அவை உப்பு நக்க இறங்கும் உப்புப்பாறைக்குப் போகும் பாதையை மூடிக் கயிறு கட்டியாயிற்று. முடிச்சு நான் போட்டது. என்னோடு காவல் பார்க்கும் பெண் காவலரை இந்த வனப் பூங்காவில் எல்லோரும் 'கெடுபிடி' என்றுதான் சொல்வோம். இழுத்துப் பார்த்துவிட்டு, "யானை இழுத்தாலும் அவுறாது" என்றார். பெருமையாக இருந்தது.

மே 9
அக்கா, மாமா, பிள்ளைகள் வந்தார்கள். கயிற்றில் தொங்கிய பலகையைப் படித்துவிட்டு அக்கா சிரித்தாள். "யாருக்கும் அனுமதி இல்லைன்னா நமக்குமாடா? என் தம்பிதான் அங்க எல்லாம்னு சொல்லி வெச்சிருக்கேன்."

அவிழ்த்தேன். சின்னவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்த ஜோரில் திரும்பக் கட்ட மறந்துவிட்டேன். கயிறு கீழே கிடக்கவும், பாதை திறந்தாயிற்று என்று பின்னாலேயே ஒரு கூட்டம். ஆடுகள் மிரண்டு செங்குத்துப் பாறையில் ஏறிவிட்டன. ஏற முடியாத ஒரு குட்டி மட்டும் புதரடியில் நின்று கத்தியது. ஆளாளுக்குத் தொட்டார்கள். அக்கா மடியில் வைத்துக்கொண்டாள். படம் எடுத்துக் கொடுத்தது நான்தான்.

மே 10
ஆள் கூட்டத்துக்கு மிரண்ட தாய் திரும்பி வரவில்லை. குட்டி செத்துக் கிடந்தது.

"கயிறை யாரு அவுத்தது?" என்றார் கெடுபிடி.

"காத்துல அவுந்திருக்கும்."

என் முகத்தையே பார்த்தார். "காத்துலயா... சரிப்பா."

திட்டியிருக்கலாமே! நாலு அறை விட்டிருந்தாலும் வாங்கியிருப்பேன். சீ, நானெல்லாம் ஒரு ஆள்!

மே 17
அக்கா போட்ட படம் எல்லார் போனிலும் சுற்றுகிறது. "அந்தக் குட்டி எங்க சார்?" என்று வந்து, திரும்பக் கட்டிய கயிற்றைத் தாண்டிக் குதிக்கிறார்கள். தடுத்தால், "அவங்கள மட்டும் விட்டீங்க?" என்கிறார்கள்.

மே 18
தாங்கவில்லை. அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகும் என்றுதான் போனேன். "விடுய்யா, சொந்தக்காரங்க வந்தா யாருதான் கூட்டிட்டுப் போகல!" என்று டீ வரவழைத்தார். வெட்கமில்லாமல் குடித்தேன்.

ஜூன் 2
மிச்ச ஆடுகளையும் காணோம்.

புது டைரி. மே 4
இந்த வருடம் உப்புப்பாறைக்கு ஓர் ஆடுகூட இறங்கவில்லை. "ஒண்ணுமே இல்லாத இடத்துக்குக் கயிறு எதுக்கு? திறந்து விடுங்க" என்றார் அதிகாரி. கெடுபிடி கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் அக்கா போன். "பாதையைத் திறந்துட்டாங்களாமே! ஆட்டுக்குட்டிய பாக்கணும்னு சின்னவ ஒரே அடம். வரட்டுமாடா?"

"வாங்கக்கா" என்றேன். "இப்ப யாரு வேணும்னாலும் வரலாம்."