பெட்டியைச் செய்தது யார்?

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

கதிரவெளியிலிருந்து பஸ் ஏறி, புத்தாக்க வியாபாரத் திருவிழாவுக்கு முதல்முறையாகப் போனேன். மீன் காயவைக்க நான் கண்ணாடியும் தகரமும் வைத்துச் செய்த பெட்டிக்கு முதல் பரிசு. ஆனால் மேடையில் உங்கள் பெயரைத்தான் வாசித்தார்கள்!

"செஞ்சது நானெல்லோ?" என்று அமைப்பாளரிடம் கேட்டேன்.

"படிவத்தில குடும்பத் தலைவர் அவர்தானே, தங்கச்சி. அவர் வேலை செய்யிற கட்டாருக்குப் போன் எடுத்துக் கேட்டம். 'ஓம், என்ட யோசனைதான்' எண்டு சொன்னாரே."

நீங்கள் அந்தப் பெட்டியைக் கண்ணாலும் கண்டதில்லை. மேடையில் ஏறி, ஒலிவாங்கியைப் பறித்துச் சனத்துக்கு முன்னால் அதைச் சொன்னேன். சான்றிதழில் என் பெயரை எழுதிய பிறகுதான் மேடையை விட்டு இறங்கினேன்.

அமைப்பாளர்தான் பொய் சொல்லியிருப்பார் என்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு நாளாகியும், 'நான் அப்படிச் சொல்லேல்ல' என்று சொல்ல நீங்கள் போன் எடுக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மனைவி