ஒரு லேப்டாப் மட்டும் பாக்கி

ஹெரேதியா, செவ்வாய்க்கிழமை

என் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

பிள்ளைகள் நலம். எனக்கு வேலை கிடைத்துவிட்டது. கம்பெனிகளுக்கு வாடகைக்குப் போன கம்ப்யூட்டர்களில் எது திரும்பி வந்தது, எது வரவில்லை என்று கணக்கில் ஏற்றும் வேலை. இன்னும் நிரந்தரமாக்கவில்லை.

உங்கள் பழைய கம்பெனிக்குப் போனவை எல்லாம் வந்துவிட்டன. உங்களிடம் இருப்பது மட்டும் பாக்கி. தெருப்பெயரும் கதவு எண்ணும் இல்லாத நம் ஊர் வழக்கப்படி, முகவரியாக இன்னும் நம் வீட்டைத்தான் வைத்திருக்கிறீர்கள்: "எரிந்துபோன பேக்கரிக்கு எதிரே, பச்சை கேட்." சனிக்கிழமைதோறும் எங்கள் கம்பெனி வண்டிக்காரர் வில்பெர்த் அதை வாங்க வந்து, நான் போடும் காபியைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு போகிறார். அலுவலகமே சிரிக்கிறது.

"ஏம்மா, ஊர்ப்பட்ட லேப்டாப்பை வாங்குற, உன் வீட்டு லேப்டாப்பை வாங்க முடியலையா?" என்றார் மேலாளர் யொர்லேனி அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "தொலைஞ்சுபோச்சுன்னு போட்டுடு. யாரு கேக்கப் போறா?" என்றார்.

"தொலையலைங்க. எங்க இருக்குன்னு எனக்கு நல்லாத் தெரியும்" என்றேன்.

இன்று முகவரியை நானே மாற்றினேன்: "வெட்டிப்போட்ட மாமரத்திலிருந்து நூறு மீட்டர் கிழக்கே, மஞ்சள் வீடு, தையல்காரியின் மாடி." இதைப் படித்துவிட்டு வழி தவறுகிறவர் நம் ஊரில் கிடையாது.

வியாழக்கிழமை வில்பெர்த் வருவார். சார்ஜரையும் மறக்காமல் கொடுங்கள். உள்ளே என்ன படங்கள் இருந்தாலும் பயப்பட வேண்டாம். எதையும் திறந்து பார்க்காமல் அழிப்பதுதான் எங்கள் விதி. நானும் பார்க்க மாட்டேன்.

வண்டி சும்மா வர வேண்டாமே என்று உங்கள் சட்டைகளையெல்லாம் மடித்து அதில் அனுப்புகிறேன். திரும்பும்போது லேப்டாப் மட்டும் வந்தால் போதும்.

இப்படிக்கு,
எரிந்துபோன பேக்கரிக்கு எதிர்வீட்டுக்காரி