ஒன்பது சுற்று

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் வலது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, வாரத்தில் ஒரு நாளாவது வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்புகிறாய் என்று நம்புகிறேன். நம்புவதற்குக் காசா பணமா. மாநாட்டுப் படம் வந்தது. ஏழைகளுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை என்று சொல்ல பதினோரு மணி நேரம் விமானத்தில் போய் பன்னிரண்டு நிமிடம் பேசியிருக்கிறாய். மேசையில் ஆளுக்கு இரண்டு தண்ணீர் பாட்டில், ஒன்றைக்கூட யாரும் திறக்கவில்லை. உன் வழிகாட்டிப் பேராசிரியை கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார், யோசிக்கிறாரா தூங்குகிறாரா என்று தெரியவில்லை. உன் கண்ணுக்குக் கீழே கருவளையம் மட்டும் நன்றாகத் தெரிகிறது. தூங்கும்மா, ஆராய்ச்சி எங்கேயும் ஓடிவிடாது, ஆறு வருடமாக அது நின்ற இடத்தில்தானே நிற்கிறது.

ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை அம்மாவுக்குப் புரிகிற மாதிரி தமிழில் மாற்றி அனுப்பியிருந்தாய், பெரிய மனசு. பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் சுற்றறிக்கை தட்டச்சு செய்தவள் நான், சாக்பீஸ் இல்லை என்பதை இரண்டு பக்கத்துக்குச் சொன்ன உத்தரவையெல்லாம் அடித்திருக்கிறேன், அதனால் பயப்படாமல்தான் படித்தேன். முதல் பக்கத்தில் நீர் ஆளுகையின் இடஞ்சார் அதிகார உறவுகள் என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தில் அந்த உறவுகளுக்கும் உறவுகள் வந்து சேர்ந்தன. மூன்றாம் பக்கம் போன பிறகுதான் விஷயம் பிடிபட்டது, நம் தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை. நம் தெருவில் இதை ஒரே மூச்சில், கூடவே இரண்டு கெட்ட வார்த்தையோடு சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனால் அவர்களிடம் அடிக்குறிப்பு கிடையாது, அது உண்மை.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவரை யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாது என்று நீ எவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறாய்: "வால்வு பணியாளர், ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தாறு, ஆய்வாளருக்கு முன்பே அறிமுகமானவர்." முன்பே அறிமுகமானவர்! தொட்டிலில் போட்டு ஆட்டிய அறிமுகம். அந்த அறிமுகமானவர் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சலூன்காரரிலிருந்து மருந்துக்கடைக்காரர் வரை, "இது நான்தான், பேரு போடல, அதுதான் விதிமுறை" என்று காட்டிவிட்டு வந்தார். போன விடுமுறையில் நீ அவரைப் பேட்டி எடுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாப்பாட்டு மேசையில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கி, அப்பா என்று கூப்பிடாமல் நீங்கள் நீங்கள் என்று கேட்டாய். அவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு அமைச்சர் மாதிரி பதில் சொன்னார். நான் இரண்டு தடவை டீ கொண்டுவந்து வைத்தேன். இரண்டாவது தடவை வாயைத் திறந்தேன், பதிவில் சத்தம் விழுகிறது என்று சைகை காட்டி என்னை உள்ளே அனுப்பிவிட்டாய். தெருவில் முப்பத்திரண்டு பேரைப் பேட்டி எடுத்தாயாம், அத்தியாயத்தில் பெருமையாகப் போட்டிருக்கிறாய். உன்னைப் பெற்றவள் அந்த முப்பத்திரண்டில் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன், இதைச் சொல்லாமல் எத்தனை பக்கம் கிண்டல் செய்தாலும் எனக்கு நெஞ்சு அடங்காது. ஒவ்வொரு தெரு முனையிலும் தரைக்கடியில் ஒரு வால்வு, நீளமான இரும்புச் சாவியை விட்டுச் சுற்றினால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர். அப்பாவின் பழைய குறிப்பேட்டைப் பார்த்து நீயே கண்டுபிடித்தாய், மற்ற தெருவுக்கெல்லாம் பதினான்கு சுற்று, நம் தெருவுக்கு மட்டும் ஒன்பது. ஏன் ஒன்பது என்று கேட்டாய். மேலிடத்து உத்தரவு என்றார். நீயும் எழுதிக்கொண்டாய். இங்கே எல்லாரும் வாடகைக்காரர்கள், ஓட்டுக்கு லாயக்கில்லாதவர்கள், அதனால் அதிகாரம் திட்டமிட்டு இந்தத் தெருவை வாடவிட்டது என்று பதினெட்டுப் பக்கம். ஆய்வேட்டின் உயிரே இதுதான் என்று பேராசிரியை சொன்னாராமே. எந்த மேலிடமும் எந்த உத்தரவும் போடவில்லை. நாம் இந்தத் தெருவுக்குக் குடிவந்த முதல் மாதம் மேல்தெரு காண்டிராக்டர், "வால்வுக்காரர் வீட்டுத் தொட்டி மட்டும் வழியுதே, எப்படி?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். மறுநாளிலிருந்து ஒன்பது சுற்று. தன் வீட்டுக்குச் சலுகை காட்டினான் என்று ஒருத்தன் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக்கூடாது என்பதற்காக உன் அப்பா இருபத்திரண்டு வருடம் முப்பத்தேழு வீட்டுக்குத் தண்ணீரைக் குறைத்தார். உன் அதிகார உறவு வேறெங்கும் இல்லை, என் எதிரே உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் சோறு போடு என்று கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரியுமா என்று கேட்பாய். இரண்டாம் வாரமே தெரியும். சண்டை போட்டேன், அழுதேன், ஒரு நாள் சமைக்காமல்கூட இருந்து பார்த்தேன். பிறகு பேசாமல் இருந்துவிட்டேன். வெளியே தெரிந்தால் அவரைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள் என்ற பயம் பாதி. மீதிப் பாதியை இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன், நேர்மையானவர் பெண்டாட்டி என்ற பெயர் எனக்கும் பிடித்திருந்தது. நீ பள்ளிக்கூடம் போகுமுன் கீழ்த்தெரு அடிபம்பிலிருந்து இரண்டு வாளி தூக்கி வருவாய், உள்ளங்கை சிவந்திருக்கும், அதைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தக் கோபத்தில்தான் இந்தப் படிப்பை எடுத்தேன் என்று உதவித்தொகை விண்ணப்பத்தில் நீ எழுதியபோது, பிழை பார்த்துத் தட்டச்சு செய்து கொடுத்ததும் நான்தான். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால் எதிர்வீட்டுத் தையல்காரி. அவள் அதே பம்படிப் படியில் வாளியோடு விழுந்து மணிக்கட்டு முறிந்ததை நீ இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், எட்டு மாதம் மெஷினைத் தொட முடியாமல் இருந்தது, எலும்பு கோணலாகக் கூடியது, எல்லாம் சரியாகவே இருக்கிறது. போன வாரம் அவள் வந்து, "அக்கா, என் பக்கத்தைப் படிச்சுக் காட்டுங்க" என்றாள். படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் குடிநீர் ஆபீஸ்காரன் நல்லா இருப்பானா? உங்க பொண்ணாவது கேட்டாளே" என்றாள். அப்பா அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு அந்தப் பேப்பரில் ஒரு பக்கம்கூடப் புரளவில்லை. அன்றிலிருந்து சலூன் பக்கமும் போகவில்லை, மடித்த தாளும் சட்டைப் பையில் இல்லை. மூன்று நாள் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் ஏதாவது கேட்பேன் என்று எதிர்பார்த்தார், நான் கேட்கவில்லை, இந்த வீட்டில் கேள்வி கேட்கும் வேலை எனக்கு யாரும் கொடுக்கவில்லையே. இன்று காலை அவரே, "எதிர்வீட்டுக்காரிகிட்ட நான் சொல்லிடறேன். பொண்ணுகிட்ட நீ எழுதிடு. எனக்கு அவகிட்ட சொல்ல தைரியம் இல்ல" என்றார். பெற்ற பெண்ணுக்குப் பயந்து எதிர்வீட்டுக்குப் போயிருக்கிறார், பார்த்துக்கொள்.

நீ இருபதாம் தேதி அத்தியாயத்தைக் கொடுக்க வேண்டும் என்பது தெரியும். கொடுக்காதே, தவணை கேள். பேராசிரியை முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். ஆறு வருட உழைப்பு என்று நீ அழுவாய். ஆனால் பொய்யை அடிக்குறிப்போடு அச்சில் ஏற்றிவிட்டால் பிறகு அதை யாரும் பிடுங்க முடியாது. என்மேல் கோபம் வந்தால் திட்டு, எத்தனை பக்கம் வேண்டுமானாலும் திட்டு, அவரோடு மட்டும் பேசாமல் இருந்துவிடாதே.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனேன். அப்பா போய் முக்கால் மணி நேரம் ஆகிறது, எதிர்வீட்டில் தையல் மெஷின் சத்தம் அவர் போனதும் நின்றது, இன்னும் கேட்கவில்லை. இதோ தெருவைக் கடந்து வருகிறார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

வந்துவிட்டார். என்ன சொன்னாள் என்று கேட்டேன். திட்டவில்லையாம், அழவில்லையாம், உட்காரவும் சொல்லவில்லையாம். வளையலை மேலே ஏற்றி மணிக்கட்டை அவர் முன்னால் நீட்டினாளாம், இவர் பார்த்து முடிக்கும் வரை நீட்டியபடியே நின்றாளாம்.

கடவுள் உனக்கு நல்ல புத்தியும் அதைத் தாங்குகிற உடம்பும் கொடுக்கட்டும். எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, இன்று அதற்கு எவ்வளவு மதிப்பு என்று தெரியாவிட்டாலும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அப்பாவைக் கூப்பிடு. பதிவு செய்யாதே, அப்பா என்று கூப்பிட்டுக் கேள்.

இப்படிக்கு,
எல்லாம் தெரிந்திருந்த உன் அம்மா